பெயர் விட்டுப்போன உறவுகள்: டி4 கொலைகள் பற்றிய கேள்வி பதில்

1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்ட் வரை, நாஜி ஆட்சியில், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஆறு இடங்களில் 70,273 பேர் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். இந்தக் கணக்கைக் கொலை செய்தவர்களே எழுதிவைத்திருந்தார்கள். இறந்தவர்கள் மனநல மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் இருந்த நோயாளிகள். பெர்லின் டீர்கார்டன் தெரு 4ஆம் எண் வீட்டிலிருந்து நடத்தப்பட்டதால் இதற்கு டி4 என்று பெயர் வந்தது. ஜெர்மன் குடும்பங்களில் பெண் எடுத்த, பெண் கொடுத்த தமிழர்கள் இன்று நிறையப் பேர். அந்த வீடுகளில் சிலவற்றில், யாரென்று யாரும் சொல்லாத ஒரு முகம் பழைய ஆல்பத்தில் இருக்கிறது. பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படித்துச் சொல்வதும், ஆவணக் காப்பகங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுமாகச் சில குடும்பங்களுக்கு உதவி வருகிறேன். என்னிடம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

"கணவரின் தாத்தாவுடைய தங்கை 1940இல் பிராண்டன்பூர்க்கில் நிமோனியாவில் இறந்ததாகச் சான்றிதழ் இருக்கிறது. குடும்பமே தெற்கே, ஸ்டுட்கார்ட் பக்கம். அவ்வளவு தூரம் ஏன் போனார்?" — ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு வாசகி

போயிருக்கவே மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சான்றிதழில் பெயரையும் பிறந்த தேதியையும் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

பிராண்டன்பூர்க் அந்த ஆறு கொலைக்கூடங்களில் ஒன்று. ஒவ்வொரு கொலைக்கூடத்திலும் தனியாக ஒரு பதிவு அலுவலகம் இருந்தது. இறப்புக் காரணத்தை அங்கே உட்கார்ந்து கற்பனையில் எழுதினார்கள். மருத்துவர்கள் பொய்ப்பெயரில் கையெழுத்துப் போட்டார்கள். குடல்வால் அறுவை முடிந்து பல வருடம் ஆனவர், குடல்வால் அழற்சியில் இறந்ததாகக் கடிதம் வந்த வீடுகள் உண்டு. அந்தத் தவறுகளால்தான் பல குடும்பங்களுக்குச் சந்தேகமே வந்தது. ஒரே ஊருக்கு ஒரே நாளில் பல சாவுச் செய்தி போய்விடக் கூடாது என்பதற்காக வரைபடத்தில் குண்டூசி குத்திக் கணக்குப் பார்த்தார்கள். ஓரிடத்தில் கொன்றுவிட்டு, கோப்பை வேறு கொலைக்கூடத்துக்கு அனுப்பி அங்கே இறந்ததாகப் பதிவு செய்வதும் வழக்கமாக நடந்தது. ஸ்டுட்கார்ட் பகுதி நோயாளிகள் பெரும்பாலும் தெற்கே இருந்த கிராஃபெனெக் கொலைக்கூடத்தில் கொல்லப்பட்டார்கள். முதலில் கிராஃபெனெக் நினைவிடத்துக்கு எழுதுங்கள். 10,600க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்திருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு பெயர்ப் புத்தகம் வைத்திருக்கிறார்கள்.

இதோடு இன்னொன்று. சான்றிதழில் போலந்தில் உள்ள 'கோல்ம்' என்ற ஊர் இருந்தால், இறந்தவர் யூத நோயாளி என்று எடுத்துக்கொள்ளலாம். கடிதங்கள் வந்த காலத்தில் அங்கே காப்பகம் எதுவும் இயங்கவே இல்லை. அந்த முகவரியிலிருந்து வந்த கடிதங்கள் பெர்லினில் தயாரானவை.

"அக்கா, நான் யாழ்ப்பாணம், 85இல இஞ்ச வந்தனான். மனுசி ஜெர்மன்காரி. அவவின்ர அம்மம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தவவாம், 'அந்தக் கதையை எடுக்காதை' எண்டு மாமி கத்துறா. 80 வயசு மனுசிய நோகடிக்கிறதோ, விட்டிடுறதோ?" — டோர்ட்முண்ட்

தம்பி, மாமியின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

1933 ஜூலையில் பரம்பரை நோய்த் தடுப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவோ வலிப்போ இருந்தால், அவர் மட்டுமின்றிக் குடும்பமே கறைபட்டதாக ஆயிற்று. கோப்பில் வம்ச அட்டவணை போட்டு, யார் குடித்தார், யார் தற்கொலை செய்தார், யார் பள்ளியில் தேறவில்லை என்று குறித்தார்கள். ஏறக்குறைய 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. அக்கா காப்பகத்தில் இருந்தால் தங்கைக்குக் கல்யாணம் நடப்பது கஷ்டம். வாயை மூடிக்கொள்வதுதான் அன்றைக்குப் பாதுகாப்பு. அந்தப் பயத்தோடேயே உங்கள் மாமியை வளர்த்திருப்பார்கள்.

போர் முடிந்த பிறகும் அரசு இவர்களை மற்ற நாஜிக் கொடுமைகளுக்கு ஆளானவர்களோடு சேர்க்கவில்லை. கருத்தடை செய்யப்பட்டவர்களுக்கு 1980இல்தான் ஒரே தடவையாக 5,000 மார்க் கொடுத்தார்கள். ஜெர்மன் நாடாளுமன்றம் இவர்களை நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது 2025 ஜனவரியில். அரசே இத்தனை காலம் முகம் திருப்பி நின்றபோது, ஒரு வீடு மட்டும் எப்படித் துணிந்து பேசும்?

அன்னா லேன்கெரிங் என்ற பெண் 24 வயதில், 1940 மார்ச்சில் கிராஃபெனெக்கில் கொல்லப்பட்டார். உடன்பிறந்தவரின் மகள் ஸிக்ரிட் ஃபால்கென்ஷ்டைனுக்கு அது 2003 வரை தெரியாது. இணையத்தில் இருந்த ஒரு பட்டியலில் தற்செயலாகப் பெயரைப் பார்த்திருக்கிறார். பிறகு தேடித் தேடி அத்தையின் வாழ்க்கையைக் கண்டெடுத்து, 2017 ஜனவரி 27இல் நாடாளுமன்றத்திலேயே நின்று அதைப் பேசினார். இதை மாமியிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் கேளுங்கள், நோயைப் பற்றிக் கேட்காதீர்கள். என்ன சமைப்பார், என்ன பாடுவார், யாரோடு விளையாடுவார் என்று கேட்டால் கத்த மாட்டார். மாமி மறுத்தாலும் தேடலை நிறுத்தாதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து. உயிரோடு இருப்பவரின் சங்கடத்தை மதிக்கத்தான் வேண்டும். அதற்காகக் கொல்லப்பட்டவளை இன்னொரு தலைமுறைக்கு மறைத்து வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"தேடுவது எங்கிருந்து தொடங்க வேண்டும்?" — மியூனிக், கொலோன், சூரிச்சிலிருந்து மூவர்

முழுப்பெயர், பெண்ணானால் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர், பிறந்த தேதி, ஊர். இவ்வளவு இருந்தால் போதும்.

பெர்லினில் உள்ள ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் ஆர் 179 என்ற தொகுப்பு இருக்கிறது. கொல்லப்பட்ட சுமார் 30,000 பேரின் கோப்புகள் அதில் உள்ளன. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறைக் கிடங்கில் கிடந்தவை, 1990களின் தொடக்கத்தில் வெளியே வந்தன. பெயர்ப் பட்டியலை 2018இல் அவர்கள் இணையத்தில் போட்டுவிட்டார்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெயர் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். 70,000 பேரில் 30,000 பேரின் கோப்புதான் தப்பியது. அப்போது அவர் முதலில் இருந்த மருத்துவமனையைப் பிடியுங்கள். அதன் பழைய ஏடுகள் அந்த மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கும். சேர்க்கைப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் 'வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார்' என்று ஊர்ப்பெயர் இல்லாமல் எழுதியிருந்தால், அதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறப் பேருந்துகளில் கொலைக்கூடங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள்.

"எங்கள் பெரிய பாட்டி 1943இல் இறந்தார். வாயு அறைகள் 1941இலேயே மூடப்பட்டன என்று படித்தேன். அப்படியானால் அவர் இயற்கையாக இறந்தவரா?" — ஃபிராங்க்ஃபர்ட்

1941 ஆகஸ்ட் 3ஆம் தேதி மியூன்ஸ்டர் ஆயர் ஃபான் காலன் தேவாலயத்தில் இந்தக் கொலைகளைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்த மாதக் கடைசியில் ஹிட்லர் வாயு அறைகளை நிறுத்தச் சொன்னார். கொலை நிற்கவில்லை. மருத்துவமனைகளிலேயே தூக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தும் பட்டினி போட்டும் கொன்றார்கள். ஆறு கொலைக்கூடங்களில் ஒன்றாக இருந்த ஹாடமாரில் மட்டும் 1942 ஆகஸ்டிலிருந்து போர் முடியும்வரை இந்த முறையில் சுமார் 4,500 பேர். ஜெர்மன் ஆட்சிக்கு உட்பட்ட ஐரோப்பா முழுவதும் கணக்கிட்டால் மொத்தம் 3 லட்சம் பேர் வரை சொல்கிறார்கள்.

எர்ன்ஸ்ட் புட்ஸ்கி என்ற நோயாளி 1943 செப்டம்பரில் வைல்மியூன்ஸ்டர் காப்பகத்திலிருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். இங்கே ஆட்கள் எலும்பும் தோலுமாகிச் சாகிறார்கள், பசியால் மெல்ல மெல்லக் கொல்கிறார்கள் என்று. அம்மாவுக்கு அது போய்ச் சேரவே இல்லை, கோப்பிலேயே வைத்துக்கொண்டார்கள். 1945 ஜனவரியில் ஹாடமாரில் அவரும் இறந்தார்.

உங்கள் பாட்டியின் கோப்பு கிடைத்தால் எடை குறித்த தாளைத் தேடுங்கள். மாதா மாதம் எடை சரிந்து, கடைசியில் 'இதயம் பலவீனம்' என்று முடிந்திருந்தால், அது பட்டினிச் சாவு என்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. முடிவைத் தனியாக எடுக்காதீர்கள். அந்த மருத்துவமனையில் அந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள் என்று நினைவிடத்தாரிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"நோயாளிகளின் பெயரை வெளியிடுவது அந்தரங்கத்தை மீறுவது இல்லையா?" — சென்னையிலிருந்து ஒரு மருத்துவ மாணவி

இந்த விவாதம் ஜெர்மனியில் பல வருடம் நடந்தது. நினைவுக் கற்களில்கூடக் குடும்பப்பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டார்கள். உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பரம்பரை நோய் என்ற பழி வரக் கூடாது என்பது காரணம். ஆனால், யோசித்துப் பாருங்கள் அம்மா. மனநோய் குடும்பத்துக்கு இழுக்கு என்ற அதே எண்ணத்துக்குத்தானே நாமும் இடம் கொடுக்கிறோம்? வதைமுகாமில் இறந்தவருக்கு முழுப்பெயர், காப்பகத்தில் இறந்தவருக்கு முதல் எழுத்தா? பெயரை முழுதாகப் போட வேண்டும், நோய்க்குறிப்பைப் போட வேண்டியதில்லை. என் நிலைப்பாடு இதுதான்.

"கோப்பு கைக்கு வந்துவிட்டது. திறக்கப் பயமாக இருக்கிறது." — பெயர் வேண்டாம் என்ற வாசகி

தனியாகத் திறக்காதீர்கள், யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மொழி கொடூரமானது. 'பயனற்றவள்', 'வேலைக்கு ஆகாது' என்று இருக்கும். வேலை செய்ய முடியுமா என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் உயிரா சாவா என்று தீர்மானித்தார்கள். அதையும் நோயாளியை நேரில் பார்க்காமல், ஒரு படிவத்தைப் பார்த்து. அந்த வரிகளை எழுதியவர்கள் உங்கள் பாட்டியை நேசித்தவர்கள் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். வீட்டிலிருந்து வந்த கடிதங்களும் பல கோப்புகளில் உண்டு. 'ஈஸ்டருக்கு அழைத்துப் போகலாமா' என்று கேட்டெழுதிய அப்பாக்கள், கம்பளிக் காலுறை அனுப்பிய அம்மாக்கள். குடும்பம் கைவிட்டுவிட்டது என்று நாம் நினைத்திருப்போம், கோப்பு வேறு கதை சொல்லும்.

"மாமனாரின் அம்மா ஹாடமாரில் தாதியாக இருந்தார். நாங்களும் கேட்கலாமா?"

கட்டாயம் கேளுங்கள். ஹாடமார் ஊழியர்கள் மீது 1945இல் வீஸ்பாடனில் அமெரிக்கர்களும், 1947இல் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றமும் வழக்கு நடத்தின. அந்த ஆவணங்களில் பெயர் இருக்கலாம். ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் வீட்டிலேயே இரண்டும் இருந்தன. அவருடைய சித்தி மரியானா காப்பகத்தில் இறந்தவர், முதல் மாமனார் கட்டாயக் கருத்தடைகளில் பங்கெடுத்த மருத்துவர்.

"கீழ்ப்பாக்கத்தில் 1950களில் இறந்த என் பெரியப்பாவையும் வீட்டில் யாரும் பேசுவதில்லை." — மதுரை

அங்கே இப்படியொரு கொலைத் திட்டம் நடக்கவில்லை, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. வீட்டார் பேசாமல் விட்டதுதான் ஒன்றுபோல் இருக்கிறது. சேர்த்த வருடத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். மருத்துவமனைக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள், சென்னை மாநகராட்சி இறப்புப் பதிவையும் பாருங்கள்.

"குடும்பக் கல்லறையில், டி4இல் கொல்லப்பட்ட உறவினரின் அஸ்திக்கலசம் புதைத்திருக்கிறது. அது அவருடையதுதானா? இன்னொன்று, நான் வருஷா வருஷம் திதி கொடுக்க ஆசைப்படுகிறேன். எந்த நாளை வைத்துக்கொள்வது?" — ஹனோவரிலிருந்து ஒரு தமிழ் மருமகள்

கலசத்தில் இருப்பது அவருடைய சாம்பல் என்று சொல்ல முடியாது. பலரை ஒன்றாக எரித்து, அந்தக் குவியலிலிருந்து அள்ளிப் போட்டு, எண் குத்தி அனுப்பினார்கள். அதற்காகக் கலசத்தை அகற்ற வேண்டாம். அவரோடு இறந்தவர்களின் சாம்பல் அது, இருக்கட்டும்.

திதிக்குச் சான்றிதழ்த் தேதி வேண்டாம். பராமரிப்புச் செலவைக் கொடுத்து வந்தவர்களிடமிருந்து அந்தப் பணத்தை இன்னும் சில வாரம் வாங்குவதற்காக இறந்த நாளைத் தள்ளிப் போட்டார்கள், அதனால் அது கணக்குக்காக எழுதிய தேதி. கொலைக்கூடத்துக்கு அனுப்பும் முன் அவரைக் கடைசியாக வைத்திருந்த இடைக்கால மருத்துவமனையின் பேருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கொலைக்கூடத்துக்குப் போனவர்களைப் பெரும்பாலும் அன்றைக்கே கொன்றுவிட்டார்கள். பட்டியலில் உள்ள அந்தத் தேதிக்கு என்ன திதி என்று பஞ்சாங்கத்தில் பார்த்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் கிடைக்கும்வரை மகாளய அமாவாசையில் செய்யலாம். குடும்பப் பதிவேட்டில் இரண்டு தேதிகளையும் எழுதி, சான்றிதழ்த் தேதி பொய்யென்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். பிறகு வருகிறவர்கள் குழம்ப மாட்டார்கள்.