கரமாசோவ் சகோதரர்கள்: ‘மகா விசாரணையாளர்’ அத்தியாயத்தில் நின்றுபோனால்

தாஸ்தாயெவ்ஸ்கியின் இந்த நாவலை மறுபடி படிக்கையில் இந்த அத்தியாயத்தில் நின்றுவிட்டதாகச் சொல்கிறீர்கள். விட்டுவிட வேண்டாம். அந்த அத்தியாயத்தையே திரும்பத் திரும்பப் படிக்காமல் அடுத்த பகுதிக்குப் போங்கள். விசாரணையாளரின் கதையைத் தம்பி அலியோஷாவுக்குச் சொல்பவன் இவான், சகோதரர்களில் ஒருவன். அவனுடைய வாதங்களுக்குப் பதில் ஆறாம் பகுதியில், துறவி சோசிமாவின் வாழ்க்கையில் இருக்கிறது என்று தாஸ்தாயெவ்ஸ்கியே 1879இல் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

மறுவாசிப்பில் அந்த அத்தியாயம் திருச்சபையைத் திட்டுவதாகவே படுகிறது, கத்தோலிக்கராக மேலே போக முடியவில்லை என்கிறீர்கள். இவானின் குரலை ஆசிரியரின் குரலாகவே கேட்பது காரணமாக இருக்கலாம். முதல் வாசிப்பில் கதையின் வேகம் இதை மறைத்துவிடும்.

ஒன்று செய்து பாருங்கள். அந்த அத்தியாயத்தில் யார் பேசுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். இவானின் கதையில், ஸ்பெயினின் செவில் நகரச் சிறையில், கிறிஸ்துவைக் கைது செய்துவைத்திருக்கும் கிழவரான திருச்சபை விசாரணையாளர் பேசித் தள்ளுகிறார். கிறிஸ்து ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை, கடைசியில் அவரை முத்தமிடுகிறார், அவ்வளவுதான். இது இயேசுவைப் புகழ்வதாகத்தானே இருக்கிறது என்று அலியோஷாவே இவானிடம் சொல்லிவிடுகிறான். என்னைக் கேட்டால் அத்தியாயத்தின் சாவி அந்த இடம்தான்.

ஆனால் ஒன்று: ஆசிரியர் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ்காரர், ரோம் மீது, அதாவது கத்தோலிக்கத் திருச்சபை மீது, அவருக்கிருந்த கசப்பு நிஜம். அதை மழுப்பிப் படிக்க வேண்டியதில்லை. அப்புறம், சோசிமா பக்கங்கள் மெதுவாகத்தான் நகரும். இவானுக்கு வரிக்கு வரி மறுப்பு அங்கே கிடைக்காது.