சனி ஞாயிறு ஊர் சுற்றல்: மியூனிக் மாணவர்களுக்குக் கேள்வி பதில்

மியூனிக்கிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரி திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றிக் கேளுங்கள். விசா, வாடகை வீடு, பார்ட் டைம் வேலை எல்லாம் என் கணக்கில் வராது.

புது வரவு: அண்ணா, கிளாஸ்ல பழக்கமான நாலு பேரோட நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போறோம். எப்படிப் போறது?

ஃபூசனுக்கு ரீஜனல் ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து கோட்டையின் அடிவாரக் கிராமமான ஹோகன்ஷ்வாங்காவுக்கு பஸ். பிறகு மேட்டில் நடை. டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க ரீஜனல் ரயிலிலும் உள்ளூர் பஸ்ஸிலும் செல்லும் மாத டிக்கெட்) இருந்தால் போதும். ஆனால் ஐ.சி.ஈ. என்ற அதிவேக ரயிலில் ஏறாதீர்கள், அதில் அது செல்லாது. கோட்டைக்குள் போக நேரம் குறித்த டிக்கெட், அதை முன்பே ஆன்லைனில் எடுக்கணும். அந்த நேரத்துக்கு வாசலில் இல்லையென்றால் காசு போச்சு. ஐந்து பேரில் ஒருவர் போட்டோவுக்கு நிற்பார், ஒருவர் டாய்லெட் தேடுவார். என்னைக் கேட்டால் உள்ளே போகவே வேண்டாம். பின்னால் பள்ளத்தாக்கின் மேல் மரீன்ப்ரூக்க என்ற பாலம் இருக்கிறது. அங்கே நின்று பார்ப்பதுதான் பார்வை. குளிர்காலத்தில் ஐஸ் கட்டினால் பாலத்தை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரி: என்ன அண்ணா இப்படிச் சொல்லிட்டீங்க! 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம். வாசல் வரை போயிட்டுத் திரும்பறதா?

உள்ளே கூட்டமாக அழைத்துப் போய் அரை மணியில் வெளியே விட்டுவிடுவார்கள். போட்டோவுக்கும் தடை. 1869இல் வேலையைத் தொடங்கிய இரண்டாம் லுட்விக் ராஜா 1886இல் செத்துப்போனார், பல அறைகள் முடியாமலே நின்றுவிட்டன. அரியணை மண்டபத்தில் அரியணையே கிடையாது.

மதுரைக்காரி: அதைத்தான் பார்க்கணும்கிறேன்! தங்கமும் நீலமுமா அவ்வளவு பெரிய மண்டபம், படிக்கட்டு மேல காலி இடம். அந்த ராஜாவோட கதை முழுக்க அந்தக் காலி இடத்துல இருக்கு.

ஆக்ஸ்பர்க் தம்பி: அக்கா சொல்றதுதான் சரி. பாலத்துல செல்ஃபிக்கு முண்டியடிக்கிற கூட்டத்துல என்ன பார்வை?

நல்ல வாதம்தான், மதுரைக்காரி. தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர் உள்ளே போகட்டும். புது வரவு, அறிமுகமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஐந்து பேரை ஒரே நிமிடத்துக்கு வாசலில் நிறுத்த முடியும் என்றால் நீங்களும் போங்கள். தம்பி, பாலத்துக்குக் காலையிலேயே போனால் கூட்டம் குறைவு.

ரயில் பைத்தியம்: டேகர்ன்ஸே ஏரிக்கு ஈசியா போகலாமா?

போகலாம், ஆனால் இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த ரயில் வழியில் பிரியும். ஹோல்ட்ஸ்கிர்ஹன், ஷாஃப்ட்லாஹ் ஸ்டேஷன்களில் பெட்டிகளைக் கழற்றி, ஒரு பகுதி பைரிஷ்ஸெல்லுக்கும் ஒன்று லெங்க்ரீஸுக்கும் ஒன்று டேகர்ன்ஸேக்கும் போகும். கடைசி நிமிடத்தில் ஓடிவந்து கிடைத்த கதவில் ஏறினால் நண்பர்கள் ஒரு ஏரியில், நீங்கள் வேறொரு மலையடியில். பெட்டியின் வெளியே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

வியன்னா கனவு: ஆஸ்திரியாவுல இருக்கிற சால்ஸ்பர்க்குக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லுமா?

சால்ஸ்பர்க் மெயின் ஸ்டேஷன் வரை செல்லும், ஊருக்குள் பஸ்ஸில் செல்லாது. பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். அதே வழியில் ரயில்ஜெட் என்ற எக்ஸ்பிரஸ் ரயிலும் ஓடும், அதில் ஏறாதீர்கள். பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் அசலாகக் கையில் இருக்கணும். 2015 முதல் ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் சோதனை வைத்திருக்கிறது, திரும்பும்போது போலீஸ் ரயிலில் ஏறிக் கேட்கும். போனில் இருக்கும் போட்டோவைக் காட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

குரூப் அட்மின்: எங்க அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்கு அந்த டிக்கெட் இல்ல.

அந்த இருவருக்கும் சேர்த்து ஒரு பேயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட்) எடுங்கள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், சால்ஸ்பர்க் வரையிலும் செல்லும். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான். பெயர்களை எழுதுங்கள். ஐ.சி.ஈ. வேண்டாம்.

கோவை: ப்ரோ, ஐ.சி.ஈ.ல டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லுமா?

மேலே பாருங்கள்.

நெல்லை: கோனிக்ஸே ஏரி வொர்த்தா?

நிச்சயமாக. ஃப்ரைலாசிங்கில் ரயில் மாறி பெர்ஹ்டெஸ்காடன், அங்கிருந்து பஸ். முழு நாள் போகும். ஏரியில் 1909 முதல் மின்சாரப் படகுதான், அதனால் சத்தமே இருக்காது. செங்குத்தான பாறைச் சுவருக்கு எதிரே படகை நிறுத்தி, படகுக்காரர் எழுந்து ஒரு ஊதுகொம்பை வாசிப்பார். இரண்டு வரி ஊதி நிறுத்துவார், பாறை அதையே திருப்பி ஊதும். உடனே டிப்ஸுக்கு நம்மிடம் வருவார். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம்: டாஹாவ் பார்த்துட்டு சாயங்காலம் பீர் ஹால் பிளான். ஓகேவா?

1933இல் நாஜிகள் திறந்த வதைமுகாம் அது. அனுமதி இலவசம், மியூனிக்கிலிருந்து எஸ்-பான் என்ற புறநகர் ரயில், பிறகு பஸ். அரை நாள் ஒதுக்குங்கள். பீர் ஹாலை வேறு நாளுக்கு வையுங்கள், அன்று மாலை யாருக்கும் பேச்சு வராது. வாசல் கதவில் குரூப் போட்டோ எடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை: போன டிரிப் காசை ஒருத்தன் இன்னும் தரல.

இது ரயில் கேள்வி இல்லை.

திருச்சி: டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துட்டேன். ஐ.சி.ஈ.ல ஏறி அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கிட்டா?

ஒரு ஸ்டேஷனுக்கும் கூடாது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோவிலிருந்து அபராதம். டி.பி. (ஜெர்மன் ரயில்வே) ஆப்பில் ரீஜனல் ரயில் மட்டும் காட்டும் ஃபில்டர் இருக்கிறது, தட்டுங்கள்.

தஞ்சாவூர்: ஒரே சனிக்கிழமைல நொய்ஷ்வான்ஸ்டைன், சால்ஸ்பர்க், கோனிக்ஸே மூணும் முடிச்சிடலாமா?

ஃபூசன் தென்மேற்கே, மற்ற இரண்டும் தென்கிழக்கே. மூன்றும் போனால் நீங்கள் சுற்றிப்பார்த்தது ரயில் ஜன்னலை மட்டும்தான். ஒன்றைப் பிடியுங்கள். இட்லியோ புளிசோறோ கட்டிக்கொள்ளுங்கள், திரும்பும் கடைசி ரயிலை மட்டும் நம்பாமல் அதற்கு முந்தையதைப் பிடியுங்கள்.