மறு: ஆபீசில் பொறுமை, வீட்டில் எரிச்சல். எது உண்மையான நான்?

சகோதரி, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் வேலையிடத்தில் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள், பாலம் கடந்து அக்கரையில் பிறை வீட்டுக்கு வந்ததும் மகனிடம் எரிந்து விழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுமே நீங்கள்தான். பொறுமை நேரத்துக்கும் இடத்துக்கும் தக்க மாறும், ஆகவே அது எங்கே உடைகிறது என்று பாருங்கள்.

14 நாள் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். சம்பவம் நடந்த 10 நிமிடத்துக்குள் எழுதிவிட வேண்டும்; இரவு வரை விட்டால் மனசு நமக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளும். "கோபம் வந்தது" என்று எழுதிப் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "மாலை 6.50. சட்டையில் மைலோ கொட்டினான். கத்தினேன். கடைசியாகச் சாப்பிட்டது 12.30. தூக்கம் 5 மணி நேரம். தணிய 20 நிமிடம்." அடக்கிக்கொண்ட தருணங்களையும் கட்டாயம் குறியுங்கள். இல்லாவிட்டால் தோல்வி மட்டுமே கண்ணில் படும், பாவம், உங்களையே வெறுக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

மதிப்பெண் வேண்டுமென்றால் டாங்னி, பௌமைஸ்டர், பூன் என்ற உளவியலாளர்கள் 2004இல் வெளியிட்ட, சுயக்கட்டுப்பாட்டை அளக்கும் 13 கேள்வி அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. அதில் 9 கேள்விகளுக்குப் புள்ளியைத் திருப்பிப் போட வேண்டும் (1 என்றால் 5, 2 என்றால் 4), பலர் அங்கேதான் தவறுகிறார்கள். கணவரையும் உங்களைப் பற்றித் தனியே நிரப்பச் சொல்லுங்கள். இருவர் விடையும் எங்கே விலகுகிறதோ, அதைப் பேசுங்கள்.

நோட்டில் பசி திரும்பத் திரும்ப வந்தால், பாலம் ஏறும் முன்பே ஏதாவது சாப்பிடுங்கள். வீட்டு வாசலில் காரை நிறுத்தி 5 நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள். கை ஓங்கும் அளவுக்குப் போனால் மட்டும் 14 நாள் காத்திருக்காமல் உளவள ஆலோசகரைப் பாருங்கள்.