ஆண் வண்டு கிடைக்கவில்லை. பெண்ணை மட்டும் வைத்து இனம் பிரிக்க முடியுமா?

முடியும். வண்டுகளில் இனத்தைப் பெரும்பாலும் ஆணுறுப்பின் வடிவத்தை வைத்தே பிரிப்பதால், "ஆண் இல்லையா, பேரினத்தோடு நிறுத்திக்கொள்" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படியானால் ஆணே இல்லாமல் பெருகும் ஒடியோரிங்கஸ் சல்கேட்டஸ் கூன்வண்டை என்ன செய்வதாம்?

லாங்கிடார்சஸ் பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டால் தெறிக்கும், 2-3 மி.மீ. இலைவண்டுகள், வெளியே பார்த்தால் பாதி இனங்கள் ஒரே பழுப்பு. முன்காலின் பாதத்தில் முதல் கணு அகலமாக இல்லையென்றால் பெரும்பாலும் பெண். உள்ளே பார்க்க வேண்டியது ஸ்பெர்மாதீக்கா, அதாவது விந்து சேமிக்கும் பை. அதன் உடல் நீளமா உருண்டையா, நுனி எப்படி வளைகிறது, குழாய் எத்தனை சுருள்: இவைதான் இனத்தைக் காட்டிக்கொடுக்கும்.

காய்ந்த வண்டைக் கால் வளையும்வரை வெந்நீரில் ஊறவிடுங்கள். வயிற்றைக் கழற்றி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் ஓர் இரவு. அவசரம் என்றால் வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம். அடுப்பில் நேராகக் கொதிக்கவிடாதீர்கள். சூலகமும் கொழுப்பும் கரைந்துபோகும், போகட்டும். கியூட்டிக்கிள் (வண்டின் மேல்தோல் பொருள்) படலம் உள்ள யோனி, பர்சா (இணைசேரும்போது விந்தை வாங்கும் பை), ஸ்பெர்மாதீக்கா மிஞ்சும். நேரம் கூடினால் பர்சா கண்ணாடியாகி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. தண்ணீரில் நன்றாக அலசி, 70% ஆல்கஹாலில் கரைத்த குளோரசால் பிளாக் சாயத்தில் கொஞ்ச நேரம் காட்டினால் மெல்லிய சுவரும் தெரியும்.

பிரிக்கும்போது ஸ்பெர்மாதீக்காவைப் பிடித்து இழுக்க வேண்டாம். குழாய் அறுந்தால் சுருள் கணக்கு போச்சு. சுற்றியுள்ள சவ்வை ஊசியால் விலக்குங்கள். கிளிசரினில், கவர்ஸ்லிப் வைக்காமல், பக்கவாட்டில் கிடத்திப் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் அதே பை வேறு இனம் மாதிரித் தெரியும். புதிதாக வெளிவந்த வண்டில் அது இன்னும் வெளிறி இருக்கும், அதை நம்பாதீர்கள். பர்சாவின் அளவையும் நம்பாதீர்கள். இணைசேர்ந்த பெண்ணில் உப்பியிருக்கும்.

ஆணுறுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பல குழுக்களில் அதுதான் தெளிவு. டி.என்.ஏ. இருக்கிறதே என்பவர்களுக்கு: ஊசியில் குத்திவைத்த பழைய வண்டுகளில் பெரும்பாலும் அது துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். என் ஆத்திரமெல்லாம், ஆய்வுக் கட்டுரையில் ஆணுறுப்புக்கு நாலு கோணத்தில் படம் போட்டுவிட்டு, ஸ்பெர்மாதீக்காவுக்கு அளவுகோல்கூட இல்லாமல் ஒரு கிறுக்கல் போடுகிறவர்கள் மேல். வண்டின் வயிறு முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டுகிறவர்களைப் பற்றி இங்கே பேசினால் பதில் நீண்டுவிடும்.

முடிந்ததும் உறுப்பை கிளிசரின் துளியோடு சிறு குப்பியில் போட்டு, அதே வண்டின் ஊசியிலேயே குத்திவிடுங்கள்.