நிலத்தை விற்காதீர்கள் சார், அந்த நோட்டைப் பாருங்கள்

போன வாரம் விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு சீட்டுக்கு மார்க் எட்டவில்லை. மூன்றாம் முறையும் கோச்சிங் அனுப்புவதா, இருக்கிற நிலத்தை விற்று மேனேஜ்மென்ட் சீட் வாங்குவதா என்று அப்பா கேட்டார். பெண்ணுக்குக் கால்நடை மருத்துவத்தில்தான் ஆசை. தாய்மாமாவோ, "மாட்டு டாக்டராகவா இவ்வளவு படிச்சா?" என்று சொல்லிவிட்டாராம். அம்மா கண்ணைத் துடைத்தபடியே இருந்தார்.

கொஞ்ச நேரம் நானும் ஆறுதல் சொன்னேன். அப்புறம் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினாள். அவர்கள் வீட்டு நாய்க்குக் கல்லீரலில் கட்டி. அதன் கடைசி மூன்று வாரமும் மூச்சு எண்ணிக்கை, ஈறின் நிறம், குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் மணிவாரியாக எழுதியிருக்கிறாள். பக்கத்திலேயே பென்சிலால் கிராஃப். யாரும் சொல்லித்தரவில்லை.

அப்பாவிடம் நான் சொன்னது இதுதான். சார், இதைப் பார்த்த பிறகு ஆறுதல் பேச்செல்லாம் தேவையில்லை. மூன்றாவது நீட் வேண்டாம். நிலத்தை விற்கவே கூடாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும்தான் நீட். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. மாமா இளப்பமாகப் பேசும் இந்தப் படிப்புக்குச் சென்னையில் 1903இலிருந்தே கல்லூரி இருக்கிறது.

அரசு கால்நடை மருத்துவமனை, கோழிப்பண்ணை வேலையெல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கால்நடை மருத்துவத்தில் முதுகலைப் படிப்பான எம்.வி.எஸ்.சி.யில் 'அறுவை மருத்துவமும் கதிரியக்கவியலும்' என்று ஒரு பிரிவு உண்டு. அந்தப் பாதையில் போனால் வருவது பெர்ஃப்யூஷன் சிடி என்கிற ஸ்கேன்.

சாதாரண சிடி, கட்டி எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று காட்டும். அதற்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அளந்து சொல்வது இது. நாய்க்கு மயக்கம் கொடுத்து, அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை இன்ஜெக்டர் வைத்துச் சிரையில் வேகமாகச் செலுத்துவார்கள். பிறகு ஒரே இடத்தையே சில விநாடி இடைவெளியில் திரும்பத் திரும்பப் படம் எடுப்பார்கள். வயிறு அசைந்தால் கணக்கு கெட்டுவிடும். அதனால் மயக்க மருத்துவர் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மூச்சை நிறுத்தி வைப்பதும் உண்டு. மருந்து ஏற ஏற அந்த இடம் படத்தில் வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதை, சிடி படத்தின் வெளுப்பை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் குறித்து, நேரத்தோடு சேர்த்து வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் போகிறது, அது உள்ளே எத்தனை விநாடி தங்குகிறது, ரத்தக்குழாய் எவ்வளவு கசிகிறது, எல்லாம் அந்தக் கோட்டிலிருந்தே வரும்.

கல்லீரலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, மீதி தமனி வழியாக. கல்லீரலில் வரும் புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் தமனி ரத்தத்தில்தான் வளரும். ஆகவே ஓர் இடத்தில் தமனியின் பங்கு மட்டும் கூடியிருந்தால் மருத்துவர் உஷாராகிவிடுவார். போர்ட்டல் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடும் பிறவிக் கோளாறு நாய்களுக்கு உண்டு. அங்கேயும் இந்தக் கணக்கு உதவும். கணையம், சிறுநீரகம், மூளைக்கட்டி என்று இதைப் பயன்படுத்தும் இடங்கள் நிறைய. கதிர்வீச்சு கொடுத்த பிறகு கட்டியின் அளவை மட்டும் பார்க்காமல், அதற்குள் ரத்த ஓட்டம் குறைகிறதா என்றும் பார்க்கலாம்.

நேரத்தைக் குறித்து, அளந்து, கோடு போடுவது. உங்கள் மகள் சொந்தமாகவே செய்து பழகியது அதுதானே சார்?

இதில் கஷ்டமும் இருக்கிறது. நம் ஊரில் நாய்க்குச் சிடி எடுக்கும் இடங்களே குறைவு. பெர்ஃப்யூஷன் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆராய்ச்சியோடு சேர்ந்துதான் நடக்கிறது. கதிரியக்க நிபுணராக வெளிநாட்டில் பயிற்சி எடுப்பதென்றால் மூன்று நான்கு வருடம், கடும் போட்டி. அதற்காக இப்போதே ஏஜென்ட் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். முதலில் பட்டம், பிறகு இரண்டு வருட எம்.வி.எஸ்.சி. வெளிநாடு பற்றி அதற்கப்புறம் அவளே முடிவு செய்யட்டும்.

மாமாவிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன், நம்பர் கொடுங்கள். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.