கேனான் ஆர்50 வாங்கியிருக்கிறேன். ‘200 எம்பி வேகம்’ என்று போட்ட 128 ஜிபி கார்டு போதுமா, விலை கூடிய யுஎச்எஸ்-2 கார்டுதான் வாங்க வேண்டுமா?

யுஎச்எஸ்-2 வேண்டாம். இந்தக் கேமராவுக்கு அது தண்டச் செலவு.

கார்டைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண எஸ்டி கார்டில் தங்க நிறப் பட்டைகள் ஒரே வரிசையாக இருக்கும். யுஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இன்னொரு வரிசை இருக்கும்; அதன் கூடுதல் வேகமெல்லாம் அந்த இரண்டாம் வரிசை வழியாகத்தான். ஆர்50 ஒரே வரிசையை மட்டும் பயன்படுத்தும் யுஎச்எஸ்-1 கேமரா, அந்த இரண்டாம் வரிசையைத் தொடவே தொடாது. கார்டு வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான்.

அடுத்தது அந்த 200. யுஎச்எஸ்-1 முறையின் உச்சமே விநாடிக்கு 104 எம்பிதான். அப்புறம் 200 எங்கிருந்து வந்தது? அது கார்டிலிருந்து கணினிக்குப் படத்தை இழுக்கும்போது, அதுவும் அந்த நிறுவனமே தனியாக விற்கும் கார்டு ரீடரில் போட்டால் கிடைக்கும் வேகம். கேமரா கார்டில் எழுதும் வேகம் வேறு. அதைப் பல நேரம் கார்டு வரும் உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், சில உறைகளில் அதுவும் இருக்காது.

நீங்கள் தேட வேண்டியது கார்டின் மேல் உள்ள சின்னக் குறி: வி30. தொடர்ந்து எழுதும்போது விநாடிக்கு 30 எம்பிக்குக் கீழே போகாது என்ற உறுதி அது. ஆர்50-இல் 4கே வீடியோ எடுத்தால் விநாடிக்குச் சுமார் 120 மெகாபிட் எழுதும். பிட் வேறு, பைட் வேறு; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்தால் 15 எம்பி (மெகாபைட்). ‘10’ என்று வட்டத்துக்குள் மட்டும் போட்ட கார்டு 10 எம்பிக்குத்தான் உறுதி தருகிறது, அதை நம்பி 4கே எடுத்தால் பதிவு பாதியில் நின்றுபோகலாம். வி30 தாராளமாகப் போதும். வி60, வி90 எல்லாம் இன்னும் கனமான வீடியோ எடுக்கும் பெரிய கேமராக்களுக்கு. ஏ1, ஏ2 என்ற குறிகள் போனில் ஆப் ஓட்டுவதற்கு. அதைக் காட்டிக் கடையில் விலை கூட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அளவு விஷயத்தில் என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: ஒரு 128-க்குப் பதில் இரண்டு 64. ஒரு 64-இல் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ரா படம் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) மட்டும் எடுத்தால் 2000 தாண்டும். இந்தக் கேமராவில் கார்டு போடும் இடம் ஒன்றே ஒன்று, நகல் எடுத்து வைக்க இரண்டாவது இடம் கிடையாது. கார்டு கெட்டால் அன்றைய நாளே போச்சு. பாதி நாளாவது மிஞ்சட்டும்.

இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். அக்கா மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. முந்தின நாள் அவசரத்தில், பெயர் பெற்ற கம்பெனியின் உறையில் இருந்த ஒரு 128 ஜிபி கார்டைப் பாதி விலைக்கு வாங்கினேன். மொட்டை அடித்தது, மாமன் மடியில் உட்கார வைத்தது எல்லாம் அந்தக் கார்டில்தான் எடுத்தோம். கேமராத் திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால், மொட்டை வரைக்கும் படம் இருக்கிறது. காது குத்தும் படங்கள் பாதி சாம்பல் நிறம், மீதி திறக்கவே இல்லை. மாமன் நான்தான், அந்தப் படம் யார் போனிலும் இல்லை. அக்கா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

போலிக் கார்டு அப்படித்தான் ஏமாற்றும். உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபி, ஆனால் ‘நான் 128’ என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி அதன் சில்லை மாற்றிவிடுவார்கள். உண்மையான அளவு தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் எழுதுவதுதான். ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள் தவறி அழித்த படத்தை மீட்கலாம். எழுதப்படாததை எங்கிருந்து எடுக்கும்?

அதனால் கார்டு வாங்கிய அன்றே கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள் (மேக், லினக்ஸ் என்றால் எஃப்3). இரண்டும் இலவசம். கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும், நேரம் பிடிக்கும், இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். தேறினால் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தேறாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் கடையில் நில்லுங்கள்.

இப்போது நான் நிரம்பிய கார்டைப் பெட்டியில் கவிழ்த்து வைக்கிறேன், காலிக் கார்டை நிமிர்த்தி. கூடவே பக்கவாட்டில் இருக்கும் லாக்கையும் கீழே இழுத்துவிடுவேன். கூட்டத்தில் தவறி அதையே மாட்டினாலும் கேமரா எழுத மறுத்துவிடும்.