ஸ்கேன் நார்மல், எண்டோஸ்கோபி நார்மல், குமட்டல் மட்டும் போகவில்லை

கேள்வி: பெண், வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஐந்து மாதமாகக் குமட்டல். காலையில் பல் விளக்கும்போதே ஓங்கரிப்பு. பத்து மணிக்கு மேல் அடங்கும், மதியம் சாப்பிட்டதும் திரும்ப ஆரம்பிக்கும். வாந்தி எப்போதாவதுதான், அதுவும் மஞ்சள் தண்ணீராக. வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். பேண்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். நிறுத்தினால் குமட்டல் திரும்புகிறது, அதனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், ஆறு மாதம் முன்பு டோஸை ஏற்றினார்கள். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, கால்வலிக்கு வைட்டமின் டி. மாமியார் பித்தம் என்கிறார். சுக்குக் கஷாயம், இஞ்சி முரப்பா, மணிக்கட்டில் மாட்டும் பட்டை, நாட்டு மருந்துக்கடைச் சூரணம், ஹோமியோபதி உருண்டை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவற்றில் எதைத் தொடரலாம்?

பதில்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? அதை நீங்கள் எழுதவில்லை. வயது 39 என்பதால் முதல் வேலை, மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை வாங்கிப் பார்ப்பது. நாள் தள்ளினால் “இந்த வயதில் என்ன” என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகு மேலே படியுங்கள். ஆம் என்றால் இந்தப் பட்டியலில் உள்ள எதையும் நீங்களாகத் தொடராமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. குமட்டல் ஐந்து மாதமாக, மெட்ஃபார்மின் ஏற்றியது ஆறு மாதம் முன்பு. இவ்வளவு நெருக்கமான தேதிகளைத் தற்செயல் என்று நான் ஒதுக்கமாட்டேன். ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் புண், கல், கட்டி ஆகியவற்றைக் காட்டும். மாத்திரையால் வரும் குமட்டலையோ, இரைப்பை மெதுவாக வேலை செய்வதையோ அவை காட்டாது. ‘நார்மல்’ என்ற ரிப்போர்ட்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

குமட்டலை எழுப்புவது மூளையின் அடிப்பகுதி. அங்கே செய்தி போகப் பல வழிகள் உண்டு. குடல் எரிச்சலுற்றால் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் சுரந்து நரம்பு வழியாகத் தகவல் போகும். ரத்தத்தில் உப்போ நச்சோ கூடினால், அந்தப் பகுதியில் உள்ள ஒரு சிறிய இடம் நேராகவே ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்துவிடும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு கெட்டாலும், ஒற்றைத் தலைவலி வந்தாலும், பயமோ மனக்கவலையோ கூடினாலும் இதே குமட்டல்தான். அதனால்தான் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பலருக்கு விடை கிடைப்பதில்லை. மஞ்சள் தண்ணீரைப் பொறுத்தவரை, வெறும் வயிற்றில் வாந்தி எடுத்தால் யாருக்கும் பித்தநீர்தான் வரும். நோய் என்னவென்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சரி, உங்கள் மாத்திரைப் பெட்டியைத் திறப்போம்.

மெட்ஃபார்மின் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தருவது எல்லா மருத்துவர்களும் அறிந்ததுதான், ஆனால் அவசரமான ஓ.பி.யில் கேட்க மறந்துபோகும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை ஏறிவிடும். சாப்பாட்டுக்கு முன்பு விழுங்காமல் பாதி சாப்பாட்டில் போடுங்கள். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். வகைக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள், பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே குமட்டல் குறைகிறது. அந்த வகை போட்டால் சில நாள் மலத்தில் மாத்திரை முழுசாகத் தெரியலாம். மருந்து வெளியேறிய வெறும் கூடு அது, பயப்படவேண்டாம். உங்கள் சர்க்கரை மாத்திரையில், சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு என்ற மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சேர்ந்திருந்தால், காலைக் குமட்டலோடு வியர்வை, படபடப்பு வரும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒருமுறை குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. உடனே சர்க்கரை கலந்த தண்ணீரோ சாறோ குடித்துவிட்டு, மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லவேண்டும்.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் குமட்டலும் அப்போதுதான் அதிகம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உடம்பு ஏற்கும் பங்கு கூடுகிறது என்று 2017இல் சுவிட்சர்லாந்தில் வந்த ஆய்வு காட்டியது. உங்கள் ரத்த அளவுக்கு அது சரிப்படுமா என்று கேளுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிப் போட்டாலும் பலருக்கு நிம்மதி. டீ, காபியோடு மட்டும் வேண்டாம்.

வைட்டமின் டியைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே கேட்கிறேன்: வாரத்துக்கு ஒன்றா, தினம் ஒன்றா? நம் ஊரில் எழுதித்தருவது பெரும்பாலும் 60,000 யூனிட் பொட்டலமோ கேப்ஸ்யூலோதான். வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு. சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினமும் போடுபவர்கள் உண்டு, சொன்ன வாரங்கள் முடிந்தும் மாதக்கணக்கில் வாங்கிப் போடுபவர்களும் உண்டு. அப்போது ரத்தத்தில் கால்சியம் ஏறும். அதன் அடையாளங்கள் குமட்டல், மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர். தாகமும் சிறுநீரும் சர்க்கரைக்கும் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கால்சியம் சோதனை விலை குறைவுதான்.

இப்போது நிறுத்த முடியாமல் போட்டுக்கொண்டிருக்கும் அந்தக் காஸ் மாத்திரை. அமிலத்தைக் குறைக்கும் பேண்டோபிரசோலைச் சில மாதம் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, நெஞ்சுக் கரிப்பும் குமட்டலும் சில வாரம் இருக்கும். “நிறுத்தினால் திரும்புகிறது” என்று நீங்கள் எழுதியதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். அதோடு சேர்ந்திருக்கும் குமட்டல் மருந்தான டோம்பெரிடோன் விஷயம் இதைவிடப் பெரியது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதால், 2014இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதை ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு போட்டது. நம் கடைகளில் காஸுக்கு என்று மிட்டாய்போல விற்கிறார்கள். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கோ ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரையோ சேர்த்துப் போடுபவர்களுக்கும் ஆபத்து கூடும். இன்னொன்று, இது புரோலாக்டின் ஹார்மோனை உயர்த்தும். அதனால் மார்பில் பால் கசியலாம், மாதவிடாய் தள்ளலாம். முதல் வரியில் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இதுவும் காரணம். மருத்துவரிடம் காட்டி டோம்பெரிடோனை விட்டுவிட்டு, பேண்டோபிரசோலைப் படிப்படியாகக் குறைக்கும் வழியைக் கேளுங்கள். மெட்ஃபார்மினும் பேண்டோபிரசோலும் இரண்டுமே நாளடைவில் பி12 குறைப்பவை, அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

அப்புறம் நீங்கள் உண்மையில் கேட்டது, அதாவது கை வைத்தியம்.

இஞ்சிதான் இவற்றில் முதலிடம். பச்சை இஞ்சியில் ஜிஞ்சரால் இருக்கிறது, காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகாவோலாக மாறுகிறது. இரண்டும் குடலில் செரோட்டோனின் செய்தி போகும் வாசலைக் கொஞ்சம் அடைக்கின்றன. கர்ப்பகால மசக்கையில் நடந்த சோதனைகளில் பெரும்பாலும் நாளுக்கு ஒரு கிராம் அளவு இஞ்சித்தூளைப் பிரித்துக் கொடுத்தார்கள். குமட்டல் குறைந்தது, வாந்தியில் அவ்வளவு மாற்றமில்லை. ஒரு கிராம் என்பது தலை தட்டிய அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள். அதை மூன்று வேளைக்குப் பிரித்து வெந்நீரில் கலந்து, சாப்பாட்டுக்குக் கால்மணி நேரம் முன்பு குடித்துப் பாருங்கள். வீட்டில் கைப்பிடி சுக்கைத் தட்டிப்போட்டு, அரை லிட்டர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டவைக்கும் கஷாயம் வேறு கதை. நெஞ்சு எரியும், எரிந்தால் குமட்டல் கூடும். நீங்கள் சர்க்கரை நோயாளி என்பதால் இஞ்சி முரப்பாவை விட்டுவிடுங்கள், அதில் இஞ்சியைவிடச் சர்க்கரைப் பாகுதான் அதிகம். சுக்குக் காபியில் போடும் கருப்பட்டியும் சர்க்கரைதான், நல்ல சர்க்கரை என்று ஒன்றும் கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்கள் இஞ்சியை மருந்து அளவில் எடுக்கும்முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மணிக்கட்டுக்கு மேலே ஒரு புள்ளியை அழுத்தும் அந்தப் பட்டையால் கெடுதல் இல்லை. அறுவைசிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலில் அந்தப் புள்ளியை அழுத்துவது ஓரளவு பலன் தருவதாகப் பல சோதனைகள் சேர்ந்து காட்டியிருக்கின்றன. மாதக்கணக்கான குமட்டலுக்கு அத்தனை ஆதாரம் இல்லை. உள்ளங்கை முடியும் மணிக்கட்டுக் கோட்டிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் இருக்கிறது அந்த இடம். பட்டையின் குமிழ் அங்கே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பலர் மணிக்கட்டு எலும்பின்மேல் மாட்டியிருப்பார்கள். பட்டை இல்லாமல் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தினாலும் போதும்.

நீங்கள் முயலாத ஒன்றைச் சொல்கிறேன். ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு, அதாவது ஐசோபுரோபைல் ஆல்கஹால் துணி. அதை மூக்குக்குச் சற்றுக் கீழே பிடித்து மெதுவாக, ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். 2016இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ ராணுவ மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வந்த குமட்டல்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். வெறும் உப்புநீர்த் துணியை முகர்ந்தவர்களைவிட இவர்களுக்குப் பத்து நிமிடத்திலேயே தெளிவாகக் குறைந்தது. பலன் கொஞ்ச நேரத்துக்குத்தான், ஆனால் பஸ்ஸிலோ அலுவலகத்திலோ புரட்டும்போது உதவும். எலுமிச்சைத் தோலைக் கசக்கி முகர்வது நம் பழக்கம், அதையும் தாராளமாகச் செய்யுங்கள். புதினா எல்லோருக்கும் ஆகாது. உணவுக்குழாயின் அடி வால்வைத் தளர்த்திவிடுவதால் எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு அதிகமாகிவிடும்.

சூரணத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். சீரகம், ஏலக்காய், ஓமம் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் லேபிள் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைப் பாஸ்டன் ஆய்வாளர்கள் வாங்கிச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. 2008இல் வெளியான ஆய்வு அது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் வரும் தொந்தரவுகளில் வயிற்றுவலியும் குமட்டலும் உண்டு, ரத்தசோகையும் உண்டு. சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போங்கள், ஆங்கில மருந்துகளின் பெயர்களையும் அங்கே சொல்லுங்கள். ஹோமியோபதி உருண்டையால் குமட்டல் குறையும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அதுவும் சர்க்கரை உருண்டைதான், அளவு சிறிது என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படமாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கிறது. எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குமட்டல் வந்த நேரம், அதற்குமுன் சாப்பிட்டது, போட்ட மாத்திரை, தலைவலி அல்லது தலைசுற்றல் இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள். கணக்கு எழுதுபவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாற்றம் செய்வதென்றால் ஒரு சமயத்தில் ஒன்று மட்டும்.

சாப்பாட்டில், மதியம் ஒரு தட்டு நிறைய உண்பதை இரண்டாகப் பிரித்து மூன்று மணி இடைவெளியில் சாப்பிடுங்கள். எண்ணெயைக் குறைத்தால் இரைப்பை சீக்கிரம் காலியாகும். சூடான குழம்பைவிட ஆறிய தயிர்ச்சாதத்தில் வாசனை குறைவு, அதனால் இறங்கும். காலையில் எழுந்ததும் நாக்கின் அடிவரை விரலை விட்டு “பித்தம் எடுப்பது” உங்கள் வீட்டுப் பழக்கமா? ஓங்கரிப்பில் பாதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம், நிறுத்துங்கள்.

இவற்றுக்கெல்லாம் மசியவில்லை, மதியம் சாப்பிட்டது இரவுவரை கல்லாக நிற்கிறது என்றால், சர்க்கரையால் இரைப்பை நரம்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிறிதளவு கதிர்ப்பொருள் கலந்த உணவைக் கொடுத்து நான்கு மணிநேரம் படமெடுக்கும் சோதனை அது. இட்லியில் கலந்து கொடுக்கும் மையங்களும் உண்டு. அந்த நோய் உறுதியானால் கீரை, பச்சைக் காய்கறியைக் குறைக்கச் சொல்வார்கள். சர்க்கரைக்கு இதுவரை கேட்ட அறிவுரைக்கு நேர் எதிராக இருக்கும், குழம்பவேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. ரத்தம் அல்லது காபித்தூள்போல வாந்தி, எடை தானாகக் குறைவது, விழுங்கச் சிரமம், ஒருநாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைவது, கண் சிவந்து வலியோடு குமட்டல். கறுப்பு மலமும் இதில் சேரும், ஆனால் உங்களுக்கு இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். தார்போலப் பிசுபிசுத்து நாறினால் அது வேறு, காத்திருக்காதீர்கள். திடீரென வியர்த்துக் கொட்டி, நெஞ்சோ தாடையோ முதுகோ அழுத்தினால் உடனே ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் குமட்டலாக மட்டும் வருவதுண்டு.

அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது எல்லா அட்டைகளையும், அந்தச் சூரணப் பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கால்சியம், கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், தைராய்டு, பி12 பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒரே முறை ரத்தம் எடுத்தால் போதும், இவற்றுக்கு வெறும் வயிற்றில் போகவேண்டிய அவசியமும் இல்லை.